நாற்பத்தைந்துக்கு மேல்

விசில் ஊதியதும் திருமூர்த்தி முதல் ஆளாகப் பாய்ந்தார். மற்ற பதினோரு பேரும், முதலாளி கிளம்பிவிட்டார் என்று உறுதி செய்துகொண்ட பிறகே காலை எடுத்து வைத்தார்கள்.

பீளமேட்டில் அவருடைய நூல் மில். தொண்ணூற்றாறாம் வருடப் பொங்கல் விளையாட்டு விழா. நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான ஓட்டம்.

கல்லூரியில் ஓடிய கால்கள்தான். நடுவில் இருபத்தைந்து வருடம் காருக்குள் மடங்கிக் கிடந்துவிட்டன.

ரத்தத்தில் கொழுப்பு என்று டாக்டர் மிரட்டியதிலிருந்து, மூன்று மாதமாக விடிகாலையில் அவினாசி சாலையில் ஓடிக்கொண்டிருந்தார். பின்னாலேயே டிரைவர் காரை உருட்டிக்கொண்டு வருவார். பாதி நாள் திரும்பி வரும்போது கார் மட்டும்தான் ஓடும்.

ஆனால் தொப்பை இரண்டு அங்குலம் குறைந்தது நிஜம். பேண்டை இழுத்துக் காட்டி அதை அவர் நிரூபிக்காத ஆள் மில்லில் பாக்கியில்லை.

பின்னால் காலடிச் சத்தம் நெருங்கியது. திரும்பிப் பார்த்தார். பஞ்சுப் பொதி தூக்கும் மாசாணம். வெறுங்கால். வாயை மூடிக்கொண்டு, மூச்சே வாங்காமல் வந்துகொண்டிருந்தான்.

திருமூர்த்தி பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினார். கண்ணில் பூச்சி பறந்தது. பந்தல் அருகே சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி, இரண்டு கைகளையும் தூக்கியபடி நின்றார்.

கைதட்டல் மில் சுவரில் மோதித் திரும்பியது. மேனேஜர் வேங்கடசாமி துண்டோடு ஓடிவந்தார்.

"ஜெயிச்சுப்போட்டீங்க மொதலாளி."

பின்னால் வந்த பத்துப் பேரும் கோட்டிலேயே நின்று, மரியாதைக்குக் கொஞ்சம் மூச்சு வாங்கினார்கள்.

மாசாணம் மட்டும் நிற்கவில்லை. அவரைத் தாண்டி அதே வேகத்தில் போய்க்கொண்டே இருந்தான்.

கோடு எது என்றுகூடத் தெரியாத பயல் என்று திருமூர்த்தி சிரித்தார். கூட்டமும் சிரித்தது.

பரிசு கொடுக்க உட்கார்ந்திருந்தவள் அவர் மனைவி சாந்தாமணி. அவள் முன்னால் போய்க் கையை நீட்டினார். மடியிலிருந்த கோப்பையை அவள் எடுக்கவில்லை. மைதானத்தின் மறுகோடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு சுத்து இருக்குதுங்க. அவரு முடிச்சுட்டு வரட்டுங்க."

மேனேஜர் அவசரமாகத் தரையைப் பார்த்தார்.

ஒரு சுற்றெல்லாம் எந்த மூலைக்கு, இரண்டாகப் போடு என்று போன வாரம் நோட்டீஸை அடித்துத் திருத்திக் கையெழுத்துப் போட்டவர் திருமூர்த்தியேதான்.