ரெண்டு பாக்கெட் சிவப்பு

சாக்கடையில் சிவப்பு வந்ததும் கூட்டம் கைதட்டியது. நல்லூரின் அந்தச் சந்தில் கல்யாணத்துக்குக்கூட இப்படிக் கைதட்டியிருக்க மாட்டார்கள்.

"பாத்தியளா? நான் சொன்னப்ப ஒருத்தரும் நம்பலையே!" மூக்கைப் பொத்தியிருந்த கர்ச்சீப்பை எடுத்துவிட்டு மாரிச்செல்வம் கத்தினார். "பீயையெல்லாம் தெருவுல விட்டுட்டு, ஒண்ணுந் தெரியாத மாதிரி திரியுதானுவ இந்த வடக்கத்திப் பயலுவ!"

நாலு வருடமாகத் தெரு நாறிக்கொண்டிருந்தது. மாரிச்செல்வம் தன் வீட்டுக்கு மூன்றாவது மாடி எடுத்த வருடம்தான், பக்கத்தில் வரிசையாக ரூம்கள் கொண்ட லைன் வீட்டுக்குப் பீகார்க்காரர்கள் குடிவந்தார்கள். நாற்றமும் அப்போது வந்ததுதான். அந்தப் பக்கம் ஜன்னலைத் திறந்துவைத்து ஒரு வாய் சோறு தின்ன முடியாது.

சாயப்பட்டறையில் மாஸ்டராக இருக்கும் மோகன்ராஜ்தான் நேற்று ஒரு வழி சொன்னான். "கக்கூஸ்ல சாயத்தை ஊத்தித் தண்ணி அடிச்சா, எங்கிருந்து வருதுன்னு கலரு காட்டிக் குடுத்துருமுங்க."

இன்று ரெண்டு பாக்கெட் சிவப்புச் சாயத்தோடு வந்தான். பொடி கரைய வெந்நீர் வேண்டும் என்றான். "நம்ம வீட்டு ஹீட்டர்ல பிடிச்சுக் கரைச்சுக்கோ. அப்படியே கொண்டுபோயி லைன் வீட்டுல ஊத்து" என்று மாரிச்செல்வம் அவனைத் தன் வீட்டு மாடிக்கு அனுப்பினார். மற்றவர்கள் சந்து முனைக்கு வந்து சாக்கடையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

லைன் வீட்டுக்குச் சொந்தக்காரர் ஆத்தப்பன் காரைவிட்டு இறங்கவில்லை. தெருவை விட்டுப் போய் ஊருக்கு வெளியே பங்களா கட்டிக்கொண்டவர், கண்ணாடியைப் பாதி இறக்கிப் பேசினார்.

"ஞாயித்துக்கெழமைக்குள்ள பன்னெண்டு ரூமையும் காலி பண்ணிப் போடறேனுங்க அண்ணாச்சி."

அண்ணாச்சியாம்! இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால், சங்கரன்கோவில் பக்கமிருந்து ஒற்றைப் பையோடு வந்து இதே லைன் வீட்டில் ஏழாம் நம்பர் ரூமில் இருந்தவர்தான் மாரிச்செல்வம். தெற்கத்திக்காரர்கள் வந்துதான் தெரு நாறுகிறது என்று அன்றைக்கு மூக்கைப் பொத்தியவர் இதே ஆத்தப்பன். மாரிச்செல்வம் அப்போது டெய்லர், இப்போது நாற்பது தையல் மெஷினுக்கு முதலாளி. வாங்கிய வசவை ஒரு எழுத்து மாறாமல் வைத்திருந்து இன்னொருவர் தலையில் கொட்டுகிறார் மனிதர். சாக்கடையைவிட இதுதான் நாறியது.

"அண்ணா, நாங்க இல்லே." லைன் வீட்டில் குடியிருக்கும் பிங்கி எட்டு மாத வயிற்றோடு முன்னால் வந்தாள். "எங்களுக்கு டேங்க் இருக்கு. லாரி வந்து எடுக்குது. இப்போ ரூம் போனா நான் எங்கே போறது?"

போக இடம் இல்லைதான். வடமாநிலத்தவருக்கு வீடு இல்லை என்ற அட்டை சுற்றிலும் நாலு தெருவில் தொங்குகிறது.

"சட் பூஜைப் பண்டிகைன்னு இவங்க அத்தனை பேரும் ஊருக்குப் போயி, பத்து நாளு ரூமெல்லாம் பூட்டிக் கெடந்துச்சுங்க. அப்பவும் நாத்தம் போவலையே!" என்றாள் எதிர்வீட்டுத் தெய்வாத்தாள். "அவ்வளவு ஊறிப் போச்சுங்க."

எல்லோரும் பெரிதாகத் தலையாட்டினார்கள்.

அவர்களைத் தெருவைவிட்டு அனுப்பச் சொல்லி எழுதிவைத்திருந்த மனுவை மாரிச்செல்வம் நீட்டினார். காரின் மேலேயே வைத்து ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டார்கள். ஆத்தப்பன் ஜன்னல் வழியாகக் கையை நீட்டிப் போட்டார்.

"மூட்டையைக் கட்டு. பிள்ளையை உங்க ஊருல போயிப் பெத்துக்கோ" என்றார் மாரிச்செல்வம். ஒரு பெண்ணிடம் இதைச் சொன்ன அதே வாயில் உடனே வெற்றிலையையும் போட்டுக்கொண்டார். பிங்கி வயிற்றைப் பிடித்தபடி சாக்கடைக் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அப்போது மாரிச்செல்வம் வீட்டுக் கேட் திறந்தது. மோகன்ராஜ் ஒரு பக்கெட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தளும்பாமல் பார்த்துப் பார்த்து நடந்து வந்தான்.

"வாடே மாஸ்டர்!" மாரிச்செல்வம் அவன் முதுகில் ஓங்கித் தட்டினார். பக்கெட்டிலிருந்து சிதறிய சிவப்பு அவர் வெள்ளை வேட்டியெல்லாம் தெறித்தது. அவர் அதைப் பார்க்கவேயில்லை. "கெட்டிக்காரன்டே நீ! ஊத்துன உடனே காட்டிக் குடுத்துட்டுல்லா!"

மோகன்ராஜ் சாக்கடையைப் பார்த்தான். திரும்பி அவர் வீட்டு மாடியைப் பார்த்தான்.

"மொதப் பாக்கெட்டு கட்டி தட்டிப் போச்சுன்னு உங்க கக்கூஸ்லதான் ஊத்துனேனுங்க அண்ணாச்சி" என்றான். "லைன் ஊட்டுக்கு இனிமேத்தானுங்க போவோணும்."