சுவரில் ஒரு ஜப்பான்காரன்

“அந்தப் படங்களக் கழட்டுங்க. அப்புறம் தட்டு மாத்துறதப் பத்திப் பேசலாம்.”

கலியாணசுந்தரம் கோப்பிக் குவளையைத் தொடாமலே சொன்னார். செமாபோக்கிலிருந்து மகனுக்குப் பெண் கேட்டு வந்து கால் மணி நேரம்தான் ஆகியிருந்தது. வரும்போது மனிதர் சந்தோஷமாகத்தான் வந்தார். பெண் வீடு இருந்த காஜா பெராங் முழுக்க மெர்டேக்கா சுதந்திர நாளுக்குக் கொடி கட்டிக்கொண்டிருந்தார்கள். சீதாவை மகன் எங்கோ பார்த்து ஆசைப்பட்டிருந்தான். இப்போது அவருக்கும் பிடித்துவிட்டது. தற்செயலாக நிமிர்ந்து சுவரைப் பார்த்ததும்தான் முகம் கறுத்தது.

வரிசையாக ஆறு புகைப்படங்கள். ஆறிலும் ஒரே ஆள். இடுப்பில் தடித்த கச்சை, உச்சந்தலையில் குடுமி, வெள்ளை வெளேரென்ற முகம், பானை வயிறு. ஜப்பான் நாட்டுச் சுமோ மல்லன்.

பெண்ணின் தாத்தா அப்பாசாமி, நாற்காலியில் முதுகைச் சாய்க்காமல் உட்கார்ந்திருந்தார்.

“ஆணியக்கூட அசைக்க மாட்டேன்” என்றார்.

“பெரியவரே, என் தம்பிய சப்பான்காரன் லாரில ஏத்திக்கிட்டுப் போனான், சயாம் ரயில் போட. எலும்புகூட வீடு வந்து சேரல. அவனுங்கள்ல ஒருத்தன மாட்டி வச்சிருக்கிற வீட்டுல நான் எப்படிக் கை நனைக்கிறது?”

“நனைக்காதீங்க. படம் அங்கதான் இருக்கும்.”

“ஏன்னு ஒரு காரணமாவது சொல்லுங்க.”

“என் வீட்டுச் சுவத்துக்கு நான் யாருக்கும் காரணம் சொல்றதில்ல.”

கலியாணசுந்தரத்தின் மனைவி பொன்னம்மா கணவரின் கையைப் பிடித்து அமர்த்தினாள். “பையன் ஆசப்பட்டுட்டான். வெறும் படம்தானே லா. நாங்க வந்து போற நாள்ல மட்டும் ஒரு துணியப் போட்டு மூடிட்டா என்னங்கய்யா?”

“மூடணும்னா உங்க வீட்டுக்காரரக் கண்ண மூடிக்கச் சொல்லும்மா. துணி மிச்சம்.”

கலியாணசுந்தரம் விருட்டென்று எழுந்தார். வாசலுக்குப் போகத்தான் எழுந்தார். ஆனால் போகிற வழியில் படங்களுக்கு அருகே வந்ததும் கால்கள் நின்றுவிட்டன.

“இவன எனக்குத் தெரியும்” என்றார். “சப்பான் சண்டை முடிஞ்சும் ஊருக்குப் போகாம ஒளிஞ்சிருந்தவன்னு சொல்லி, பொழுதுபோக்குப் பார்க்குல கோதாவுல இறக்குவானுங்களே, அந்த யாமாகாவா.”

“அவனேதான்” என்றார் அப்பாசாமி.

முதல் படத்தில் மல்லன் வாலிபனாக, ஒரு காலைப் பக்கவாட்டில் தூக்கி நின்றான். அடுத்ததில் உப்பை அள்ளி வீசினான். அதற்கடுத்ததில் தாடிக்காரப் பயில்வான் ஒருவன் அவன் கச்சையைப் பற்றியிருந்தான். நான்காவதில் மல்லன் மல்லாந்து கிடந்தான். ஐந்தாவது படத்தில் வயது ஏறி வயிறு தொங்கிவிட்டது. சனங்கள் எறிந்த கட்டைச் செருப்புகளுக்கு நடுவே கையால் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தான். கடைசிப் படத்தில் நெற்றியில் ரத்தம் வழிந்தது.

கலியாணசுந்தரம் ஐந்தாவது படத்தைத் தட்டினார்.

“இதுல கிடக்கிற செருப்புல ஒண்ணு என்னோடது. இவன் விழறதப் பாக்கிறதுக்குன்னே சனிக்கிழமையானா சைக்கிள மிதிச்சுக்கிட்டு போவேன். தம்பி போனதுக்கப்புறம் நான் ஒழுங்காத் தூங்கினது இவன் விழுந்த ராத்திரிலதான். இவனப் போயி சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டியிருக்கீங்க.”

அடுக்களை வாசலில் நின்ற சீதாவின் தாய் ருக்மணி, சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள். அவளைத் தாண்டிக்கொண்டு சீதா முன்னால் வந்தாள்.

“தாத்தா, எனக்காக இறக்கிடாதீங்க. இந்தக் கலியாணம் நடக்கலன்னா போவுது.”

குரல் நடுங்கியது. தலை மட்டும் குனியவில்லை.

“பொண்ணுக்கும் அதே திமிரு” என்றார் கலியாணசுந்தரம். அவர் கண்கள் சுவர் முழுக்கத் துழாவின. முருகன் படம் இருந்தது, நாள்காட்டி இருந்தது, முகம் பார்க்கும் கண்ணாடி இருந்தது. தேடியது அகப்படவில்லை.

“பெரியவரே, ஒண்ணு கேக்கிறேன். இந்தப் பொண்ணோட அப்பா வெளியூர்ல வேல பாத்தவரு, செத்து மூணு வருஷமாச்சுன்னு தரகர் சொன்னாரு. அந்த மனுஷனுக்கு ஒரு படம் மாட்டி மாலை போட இந்த வீட்டுல இடமில்ல. சப்பான்காரனுக்கு மட்டும் ஆறு படம். பெத்த மகன் முகத்தச் சுவத்துல வைக்காதவங்க வீடு மானமுள்ள வீடா?”

பொன்னம்மா கணவரின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். சொல்லியாகிவிட்டது. அடுக்களை வாசலில் அழுகைச் சத்தம் கேட்டது.

அப்பாசாமி எழுந்தார். நிதானமாக நடந்துவந்து கலியாணசுந்தரத்துக்குப் பக்கத்தில், படங்களைப் பார்த்தபடி நின்றார். குரல் உயரவில்லை.

“வெளிய தெரிஞ்சா ஒருத்தன் டிக்கெட் வாங்க மாட்டான்னு பார்க்கு மொதலாளி அவன்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தாரு. செத்ததுக்கப்புறமும் நாங்க அதக் காப்பாத்தினோம், ஒரு மாலகூடப் போடல. நீங்க மானத்தத் தொட்டுட்டீங்க, அதனால சொல்றேன். அந்தக் குடுமி சவுரி. அந்த வெள்ள பவுடரு. எங்க வீட்டுல உல கொதிக்கணும்னு அவன் விழுந்தான், அதுல நீங்க தூங்கினீங்க. இந்த ஆறு படத்துல இருக்கிறதும் என் மகன் சேதுபதி. சம்பந்தம் வேணுமா வேணாமான்னு இனிமே நாங்கதான் யோசிக்கணும்.”