கோல் இல்லை என்றவர்

"எழுது மோளே! அந்த ரெஃபரிக்குக் கண்ணு தெரியாதுன்னு எழுது!" சுனில் மேசையில் குத்தினார்.

"ஆதாரம் இல்லாம கிளப் சரித்திரத்துல எழுத முடியாது, சேட்டா!" செக்ரட்டரி ஷிஜாவும் விடவில்லை.

திருவனந்தபுரத்துக் கரமனையில் காது கேட்கிற எல்லோருக்கும் தெரிந்த சண்டைதான். முப்பது வருஷத்துக்கு முன் ஃபுட்பால் இறுதி ஆட்டத்தில் சுனில் போட்ட கோலை, யாரோ ஒரு வெளியூர் ரெஃபரி செல்லாது என்றுவிட்டான். கோப்பை போயிற்று. இப்போது கிளப்பின் பொன்விழா மலர் வருகிறது. அதில் அவனை நாறடித்தால்தான் சுனிலுக்குத் தூக்கம் வரும்.

"நீங்க சொல்லுங்க, அண்ணாச்சி!" சுனில் பக்கத்தில் திரும்பினார்.

புது ஜெர்சிக்கு அளவெடுக்க வந்திருந்த டைலர் திரவியம் டேப்பைச் சுருட்டினார். "எழுதட்டும் மக்கா. கண்ணு தெரியாதுன்னே எழுதட்டும்." இருபத்தெட்டு வருஷமாக அவர் கடையில் உட்கார்ந்துதான் சுனில் அந்த ரெஃபரியைத் திட்டுவது.

ஷிஜா பழைய பெட்டியிலிருந்து அந்த ஆட்டத்தின் ஸ்கோர் தாளை எடுத்து வாசித்தாள். "ரெஃபரி: எஸ். திரவியம், நாகர்கோவில்."

சுனில் எதிரே இருந்த வழுக்கைத் தலைக்கு மனசுக்குள் முடியும் மீசையும் வைத்துப் பார்த்தார். அவரேதான்.

"இத்தனை வருஷம் ஏன் அண்ணாச்சி வாயைத் திறக்கல?"

"திறந்தா, பந்து உன் கையில பட்டதையும்லா சொல்லணும். ஊருல உன் பேரு போயிருமே, மக்கா."

சுனில் எழுந்து நின்றார். "ஷிஜா, கையிலதான் பட்டுதுன்னு எழுது."

மலர் அப்படியே வந்தது. ஆவணியில் சுனிலின் மகன் வினீத், திரவியத்தின் மகள் மீனுவைக் கட்டிக்கொண்டு கழக்கூட்டம் ஃப்ளாட்டுக்குப் போய்விட்டான். சுனில் மட்டும் இப்போதெல்லாம் சம்பந்தியின் தையல் கடைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைகிறார்.