லைன் போன நேரம்

“அம்மா! லைன் போச்சு! சீக்கிரம் பாருங்கம்மா!”

மீட்டிங் அறையிலிருந்து வாணியின் குரல் வந்தபோது மாதவி இன்டர்நெட் லைன் வந்து சேரும் நெட்வொர்க் சுவிட்சுக்கு முன்னால்தான் நின்றிருந்தாள். “மோடுல் லூஸாயிருச்சு போல. இரு, பார்க்கிறேன்” என்றாள்.

மோடுல் அவள் உள்ளங்கைக்குள் சுட்டுக்கொண்டிருந்தது.

விரல் நீளத்துக்கு ஓர் உலோகத் துண்டு. கண்ணாடி இழையில் வரும் வெளிச்சத்தை சுவிட்சுக்குப் புரியவைப்பது அதுதான். சுவிட்சை அணைக்காமலே கழற்றலாம், மாட்டலாம். மலேசியாவின் போர்ட் கிள்ளான் கிடங்கில் நெட்வொர்க் வேலை பார்த்து, இத்தனை வருடமாகப் பழுதானதை மட்டுமே கழற்றியவள், இன்று நன்றாக இருந்ததைப் பிடுங்கியிருந்தாள்.

வாணிக்கு மெல்பர்ன் மருத்துவமனை ஒன்றில் நர்ஸ் வேலைக்கு ஆன்லைன் இன்டர்வியூ. வீட்டு லைன் சரியில்லை என்று, சனிக்கிழமை ஆளில்லாத கிடங்கு ஆபீசுக்கு மகளை அழைத்து வந்ததே மாதவிதான்.

சற்று முன்புவரை கண்ணாடிச் சுவர் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். வாணி நன்றாகத்தான் பேசினாள். கடைசியில் ஏதோ கேட்டார்கள். வாணி அம்மாவை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சரி சொல்லப்போகிறாள் என்று தோன்றியதும் மாதவியின் கை தானாக நீண்டுவிட்டது. கணவர் போன பிறகு அந்த வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?

பதறிக்கொண்டு ஓடிவந்த மகளின் முகத்தைப் பார்த்தாள். சீ, பெற்றவள் செய்கிற காரியமா இது? அவசரமாக மோடுலை உள்ளே தள்ளினாள். பச்சை விளக்கு எரிந்தது.

“போ, பேசு. வேலை குடுத்தா உடனே சரின்னு சொல்லிரு. என்னைப் பத்தி யோசிக்காத லா. செராஸ்ல சித்தி இருக்காங்க, நான் பார்த்துக்குவேன்.”

“நிஜமாவாம்மா?”

“நிஜமாத்தான். போ.”

சற்று நேரத்தில் வாணி சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். “கிடைச்சிருச்சும்மா! சரின்னு சொல்லிட்டேன்!”

அந்தச் சிரிப்பை மாதவியால் தாங்க முடியவில்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். “லைன் தானா போகலடி. நான்தான் புடுங்கினேன். நீ என்னை விட்டுட்டுப் போயிருவியோன்னு பயந்துட்டேன். மன்னிச்சிரு.”

வாணியின் சிரிப்பு நின்றது.

“வேலைக்கு வரலேன்னு சொல்லத்தாம்மா அப்ப வாயெடுத்தேன்.”