வெறுங்கை

மாடியில் நின்று தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நடக்கப் போன கணவர் கையில் இன்றைக்கு என்ன வரப்போகிறது?

ஈரோட்டில் பாதிப் பேருக்கு ஓடச் சொல்லிக்கொடுத்த டிரில் மாஸ்டர் அவர். அவருக்குப் போய்க் காலில் ரத்தக்குழாய் அடைப்பு. கொஞ்சம் நடந்தால் கெண்டைக்காலைக் கவ்விப் பிடிக்கிறது.

டாக்டர் ஒளித்துப் பேசவில்லை. சிகரெட் கூடாது. நடந்தே ஆக வேண்டும், வலித்தால் நின்று, வலி விட்டதும் மறுபடியும். இப்படியே விட்டால் ஒரு சின்னப் புண் போதும், காலையே எடுக்க வேண்டி வரலாம்.

மருமகன் வாங்கித் தந்த விட்டமின் பாட்டிலைக் காட்டினாள். இதனால் அடைப்பு போகாது, அது பாட்டுக்கு அது இருக்கட்டும் என்று டாக்டர் சிரித்தார்.

வீட்டுக்காரருக்கோ விட்டமின்மேல்தான் நம்பிக்கை. மாத்திரையை விழுங்குவார். நாற்காலியில் சாய்ந்துகொள்வார். கால் தானாகச் சரியாகும் என்று காத்திருப்பார்.



பயம்தான் அவளை ஒரு பொய் சொல்ல வைத்தது.

“மாத்தர வவுத்துலதானுங்க கெடக்குது. அதக் காலு வரைக்கும் நீங்கதான் நடந்து கொண்டுட்டுப் போகோணும்.”

யோசித்தார். செருப்பை மாட்டினார்.

அன்றைக்குத் தீப்பெட்டியோடு வந்தார். மறுநாளும் தீப்பெட்டி. அதற்கு மறுநாளும்.

சிகரெட்டை விட்ட மனிதருக்கு எதற்கு இத்தனை தீப்பெட்டி?

பிறகுதான் புரிந்தது. சும்மா நின்றால் பழைய மாணவன் எவனாவது “என்னாச்சுங் சார்?” என்று ஓடி வருவான். அந்த மானக்கேட்டுக்கு அஞ்சி, வலி எங்கே நிறுத்துகிறதோ அந்தக் கடையில் எதையாவது வாங்குகிறார். கால் நாச்சிமுத்துவின் பெட்டிக்கடை வரைக்கும்தான் போகிறது.

அவள் தீப்பெட்டிகளை அலமாரியில் அடுக்கி வைத்தாள்.

பல வாரம் கழித்து ஒருநாள் கீரைக்கட்டு வந்தது.

கீரைக்காரம்மா உட்காருவது பெட்டிக்கடையைத் தாண்டி, மாரியம்மன் கோயிலுக்கும் அந்தப் பக்கம். கீரையை ஆய்ந்துகொண்டே இவள் அழுதாள். அந்த மாதம் முழுக்கக் கீரைதான். அவளுக்கு அலுக்கவே இல்லை.

இன்று முனை திரும்பிவிட்டார்.

வெறுங்கை.

பாதியிலேயே திரும்பிவிட்டாரோ?

படியேறி வந்தார். வியர்த்திருந்தது. சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தார்.

“பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டு வந்தேன் புள்ள.”

“வழியில கடையெல்லாம் சாத்தியிருந்துச்சுங்களா?”

“எல்லாம் தொறந்துதான் இருந்துச்சு” என்றவர் தன் கைகளைப் பார்த்தார். மெல்ல அவர் முகம் மலர்ந்தது.

“மாத்தர வேல செய்யுது.”

“செய்யுதுங்க. ஆனா தீந்துபோச்சு. பஸ் ஸ்டாண்டுக்கும் அந்தப்பக்கம், ரயில்வே கேட்டுகிட்ட இருக்கற மெடிக்கல்லதான் கெடைக்குமாமுங்க.”

“அதுக்கென்ன, நாளைக்குப் போறேன்.”

அவர் முகம் கழுவப் போனதும் அலமாரியைத் திறந்தாள். மருமகன் நேற்று அனுப்பிய புதுப் பாட்டிலைத் தீப்பெட்டிகளுக்குப் பின்னால் தள்ளி வைத்தாள்.