அம்மா குடுத்த வளையல்

அம்மா என் மணிக்கட்டை விடவே இல்லடி. "சேகாய், இந்த வளையல் ஏது?"ங்கறாங்க. நான் கையை இழுத்துக்கப் பாத்தேன்.

உனக்கே தெரியும், ஹராரேல பாதிப் பொண்ணுங்க கையில இதான் கிடக்கு. பொம்பளைங்க போடற காண்டத்துக்குள்ள இருக்கற வளையம். காலேஜ் விட்டதும் நான் வேலை பாக்கற சலூன்ல, நெட்சாய் அக்கா முடி பின்னிக்கிட்டே அதை விப்பாங்க. "அவன் போடுவானான்னு காத்திருக்காத, நீ போட்டுக்கோ. நோய் அவன்கிட்ட கேட்டுட்டா வருது?"ம்பாங்க. என்னோடது அக்கா பிரிச்சுக் காட்டின சாம்பிள்ல எடுத்தது. சத்தியமா அழகுக்குத்தான். ஆனா எங்கம்மா சர்ச்ல மாதர் சங்கத் தலைவி. நம்புவாங்களா?

"மார்க்கெட்ல வாங்கினேன்மா."

"மார்க்கெட்லயா?" அம்மா உள்ள போனாங்க. பெல்ட் எடுக்கத்தான் போறாங்கன்னு நான் கதவுப் பக்கம் நகர்ந்தேன். வந்தது ஒரு பிஸ்கட் டின். உள்ள பூரா அதே வளையம்.

"இதைக் காசு கொடுத்தா வாங்கினே? இந்தா, போட்டுக்கோ."

"அம்மா, இது..."

"என்னன்னு எனக்குத் தெரியும். உங்கப்பா லாரி ஜோகன்னஸ்பர்க் போற வழியில எங்கெங்க நிக்குதுன்னு நான் கேக்கறதில்ல. வீட்டுக்கு வந்தா ஒவ்வொரு ராத்திரியும் என்னோட இந்தக் கேட்டைத் தாண்டித்தான் வரணும்."

மாட்டியும் விட்டுட்டாங்க, முழங்கை வரைக்கும்.

நாளைக்கு அப்பா வர்றார்டி. வந்ததும் என் கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் ஜெபம் பண்ணுவார். அவரோட லீவு மொத்தமும் என் கையில தொங்கறப்ப, நான் எப்படிடி ஆமென் சொல்றது?