நடுக்கோடுகள்

காற்றை முழுக்க உறிஞ்சி எடுத்த எஃகு அறைக்குள், சூடேற்றிய நகத்தளவு தகட்டின் மேல் பலேடியமும் துத்தநாகமும் ஆவியாக வந்து அடுக்கடுக்காகப் படிந்துகொண்டிருந்தன. அந்தப் பரப்பில் பட்டுத் தெறித்த எலக்ட்ரான்கள் வெளியே திரையில் பச்சைக் கோடுகளாகத் தெரிந்தன. தடித்த கோடுகளுக்கு நடுவே மெல்லிய கோடுகளும் இருந்தால், இரண்டு உலோகங்களும் மாறி மாறிச் சரியாக உட்கார்ந்திருக்கின்றன என்று அர்த்தம். மெர்லின் அந்த மெல்லிய கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று எல்லாக் கோடுகளும் புள்ளிகளாக உடைந்தன. பரப்பு மேடுபள்ளமாகிவிட்டது.

"ரெண்டையும் மூடிரு மெர்லின். சூட்ட மட்டும் அப்படியே விட்டுட்டுச் சும்மா இருப்போம். தானா சரியாயிரும்" என்றான் ஜெபசிங். அவளோடு அதே ஆய்வகத்தில் வேலை பார்க்கும் கணவன் அவன். அவளுக்குக் கரு கலைந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய அன்றும் சும்மா இருப்போம் என்றுதான் சொன்னான். அதன் பிறகு அவர்கள் வீட்டில் சண்டை என்று ஒன்று வந்ததேயில்லை.

உலோகங்கள் வரும் வழியை அவள் மூடினாள். கை படாமல் இருவரும் அருகருகே உட்கார்ந்து திரையைப் பார்த்தார்கள். புள்ளிகள் மெல்ல நீண்டு, ஒன்றோடொன்று ஒட்டி, மறுபடி கோடுகளாயின. கத்தியால் கீறியதுபோல அத்தனை நேர்.

"பாத்தியா, கண்ணாடி மாதிரி ஆயிருச்சு" என்று அவன் நாற்காலியில் சாய்ந்தான்.

அவள் விரல் இரண்டு தடித்த கோடுகளுக்கு நடுவே, ஒன்றுமில்லாத கறுப்பில் போய் நின்றது. சூடு தாங்காமல் துத்தநாகம் பறந்துவிட்டிருந்தது. பலேடியம் மட்டும் வழவழவென்று தனியாகக் கிடந்தது.

"எப்பப் போச்சு?" என்று கேட்டான்.

"தெரியல" என்றாள். "பாத்துக்கிட்டேதான இருந்தோம்."